பெட்டிதான் பாடுகிறது, வாட் அல்ல!

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. சென்ற பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு ஒரு புதுச் சாமான் வந்தது. ஐந்து சின்ன ஒலிபெருக்கிகள். அவற்றோடு கறுப்பாக ஒரு பெட்டி. அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பெயர் "சப்வூஃபர்". அட்டையின் மேல் "3,000 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

வீட்டுக்காரர் தம் போனஸ் பணத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தார்.

பையன் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டான். ஜன்னல் கதவு அதிர்ந்தது. அலமாரியில் இருந்த எவர்சில்வர் தம்ளர்கள் கிணுகிணு என்று ஆடின. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

அந்த வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். வயது 78. அந்தக் காலத்தில் கோவில் கொடைகளில் விடிய விடிய உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்டவர்.

"மக்கா, ஒரு வில்லுப்பாட்டு போடு, கேப்போம்" என்றார்.

பேரன் தேடிப் பிடித்துப் போட்டான். தாத்தா ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"வில்லு கேக்கு. மணி கேக்கு. உடுக்கு கேக்கு. குடம் எங்கலே?"

"குடமும் கேக்குல்லா தாத்தா! டொம்மு டொம்முன்னு வருதே!"

"அது குடமில்லலே. அந்த சினிமாப் பாட்டுக்கும் இதே சத்தம்தான் கேட்டுது. எல்லாத்துக்கும் ஒரே சத்தமா?"

நானும் அப்போது அங்கே இருந்தேன். தாத்தா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. 3,000 வாட் என்று மார்தட்டிய பெட்டியால் ஒரு மண்குடத்தின் ஓசையைக் கொடுக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை? இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பணம் மிஞ்சும். உங்கள் வீட்டில் நல்ல பாட்டும் கேட்கும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சப்வூஃபர் வாங்கும்போது நாம் பார்க்கவேண்டியது அட்டையில் இருக்கும் வாட் எண் அல்ல. பெட்டி எத்தனை பெரிது, எப்படிச் செய்தது, நம் வீட்டில் எங்கே வைக்கப்போகிறோம் என்பதுதான். வாட் எண்ணைக் காட்டி விற்பதும் தவறு. அதை நம்பி வாங்குவதும் தவறு.

கனத்த ஒலி எது?

ஒலி என்பது காற்றின் அசைவு. ஒரு நொடியில் காற்று எத்தனை முறை அசைகிறது என்பதை "ஹெர்ட்ஸ்" என்ற அளவால் சொல்கிறார்கள். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஆக ஆக மேல் எல்லை குறைந்துகொண்டே வரும்.

கொசுவின் ரீங்காரம் உயர்ந்த ஒலி. இடி முழக்கம் தாழ்ந்த ஒலி. இந்தத் தாழ்ந்த, கனத்த ஒலியைத்தான் பையன்கள் "பேஸ்" என்கிறார்கள். சப்வூஃபரின் வேலை இதை மட்டும் கொடுப்பது. வீடுகளில் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அதனிடம் விடுவார்கள். மேலே உள்ளதைச் சின்ன ஒலிபெருக்கிகள் பார்த்துக்கொள்ளும்.

கனத்த ஒலியைக் கொடுப்பது சுலபமான வேலை அல்ல. அதற்கு நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். ஒலிபெருக்கியின் உள்ளே காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த கூம்பு ஒன்று முன்னும் பின்னும் அசைகிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது ஒரு மில்லிமீட்டர் அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சத்தத்தில் 30 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் இரண்டு மில்லிமீட்டர் போதாது. நான்கு மில்லிமீட்டர் அசையவேண்டும்!

கூம்பின் அகலமும் முக்கியம். 12 அங்குலக் கூம்பின் பரப்பு 6 அங்குலக் கூம்பைப் போல இரண்டு மடங்கு அல்ல; நான்கு மடங்கு. பெரிய விசிறி மெதுவாக வீசினாலே காற்று வரும். சின்ன விசிறி பறந்து பறந்து வீசவேண்டும். அதே கதைதான்.

குடம் சொல்லும் பாடம்

இப்போது நம் ஊர் வில்லுப்பாட்டுக்கு வருவோம்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நீண்ட வில். அதில் வரிசையாக மணிகள். பாடுகிறவர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். பக்கத்தில் உடுக்கு, தாளம். வில்லோடு சேர்த்துக் கட்டிய ஒரு மண்குடம். குடக்காரர் தட்டையான மட்டையால் அதன் வாயில் அடிப்பார். "கும்" என்று ஓர் ஓசை எழும். அது காதில் மட்டும் கேட்பதில்லை. நெஞ்சிலும் கேட்கும்.

இந்தக் கலையைக் கொடைப் பந்தலுக்கு வெளியே உலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர். 1957-ல் மறைந்தார். சினிமாவுக்குப் போகுமுன்பே அவர் வில்லுப்பாட்டில் பழகியவர். அவருக்குப் பின் நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார். அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022-ல் காலமானார்.

அந்தக் குடத்துக்கு மின்சாரம் கிடையாது. ஒரு வாட் கூடக் கிடையாது. பிறகு அந்தக் கனத்த ஓசை எங்கிருந்து வந்தது?

குடத்தின் வயிற்றில் இருக்கும் காற்றிலிருந்து!

வாயில் அடித்தால் உள்ளே இருக்கும் காற்று அமுங்குகிறது. அமுங்கிய காற்று வில்சுருள் போல மறுபடி விரிகிறது. கழுத்தில் இருக்கும் காற்று உள்ளும் புறமும் ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் ஓசை. ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டில் இந்த விதியை ஆராய்ந்து 1863-ல் புத்தகமாக வெளியிட்டார். இன்றும் விஞ்ஞானிகள் இதை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். நம் குடக்காரர்களுக்கு விதி தெரியாமல் இருக்கலாம். எந்தக் குடம் எப்படிப் பேசும் என்பது நன்றாகத் தெரியும்.

விதி இதுதான். வயிறு பெரிதானால் ஓசை தாழும். கழுத்து நீண்டாலும் தாழும். வாய் அகன்றால் ஓசை உயரும்.

நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு காலிச் சோடா பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதுங்கள். "பூ...ம்" என்று தாழ்ந்த ஓசை வரும். பாதி தண்ணீர் ஊற்றி ஊதுங்கள். ஓசை உயர்ந்துவிடும். பாட்டில் அதேதான். ஊதுகிற ஆளும் அதே ஆள்தான். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தது; கனம் போயிற்று! குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள்.

பெட்டி எதற்கு?

இனி, கறுப்புப் பெட்டியைத் திறப்போம்.

ஒலிபெருக்கிக் கூம்பு முன்னே போகும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. தள்ளியதும் இழுத்ததும் ஒன்றோடொன்று கலந்தால் கணக்கு நேராகிவிடும். ஒருவன் வாளியில் தண்ணீர் ஊற்ற, மற்றொருவன் மொண்டு வெளியே கொட்டுவதைப் போல! மிஞ்சுவது ஒன்றுமில்லை. பழைய வால்வு ரேடியோக்களின் பின்பக்கம் திறந்திருக்கும். அவற்றில் ஆழ்ந்த ஒலி வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, பின்பக்க ஒலியை அடக்க ஒரு பெட்டி வேண்டும். அதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

ஒன்று, மூடிய பெட்டி. எங்கும் ஓட்டை கிடையாது. உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு வில்சுருளாக உதவுகிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-ல் இந்த முறையில் சின்னப் பெட்டி செய்து காட்டினார். அதுவரை நல்ல கனத்த ஒலி வேண்டுமானால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது.

மூடிய பெட்டியின் குணம் என்ன? அடக்கம்! அடி விழுந்தால் ஒலிக்கும். அடி நின்றால் சட்டென்று நிற்கும். ஆழத்துக்குப் போகப் போக ஒலி மெல்ல மெல்லக் குறையும். ஆனால், பெரிய சத்தம் வேண்டுமானால் கூம்பும் மின்சக்தியும் கடுமையாக உழைக்கவேண்டும்.

மற்றொன்று, துளைப் பெட்டி. பெட்டியில் ஒரு வட்டத் துளையும் உள்ளே ஒரு குழாயும் இருக்கும். இது வேறொன்றும் அல்ல. நம் வில்லுப்பாட்டுக் குடமேதான்! பெட்டி குடத்தின் வயிறு. குழாய் குடத்தின் கழுத்து. பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1930-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1932-ல் கிடைத்தது.

துளைப் பெட்டியில் பின்பக்க ஒலியும் வீணாவதில்லை. குழாய் வழியாக வெளியே வந்து உதவுகிறது. அதே மின்சக்தியில் கூடுதல் சத்தம் கிடைக்கும். ஆனால், குழாய் எந்த ஓசைக்கு அமைந்திருக்கிறதோ அந்த ஓசையைச் சுற்றித்தான் அந்த உதவி. அதற்குக் கீழே போனால் ஒலி மடமடவென்று விழுந்துவிடும். கூம்புக்குப் பிடிமானம் இல்லாமல் அது கண்டபடி ஆடும். அளவு மிஞ்சினால் கெட்டும் போகும்.

துளைப் பெட்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் செய்தால் அருமையாக ஒலிக்கும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற என்ஜினீயர் 1961-ல் இந்தக் கணக்கை வகுத்துக் கொடுத்தார். ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் 1970-களில் அதை விரிவாக்கினார். இன்று அது ரகசியம் அல்ல. ஒலிபெருக்கியின் அளவுகள் தெரிந்தால் நம் ஊர்த் தச்சர் கூடச் சரியான பெட்டி செய்துவிடலாம்.

கணக்குப் பார்க்காமல் செய்தால்தான் தொல்லை.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை

மலிவு விலைப் பெட்டியில் நடப்பது என்ன?

பெட்டி சின்னதாக இருக்கவேண்டும், டி.வி. மேஜைக்குக் கீழே அடங்கவேண்டும். விலை குறைவாக இருக்கவேண்டும். கடையில் போட்டுக் காட்டும்போது "டொம்" என்று அதிரவேண்டும். ஆழ்ந்த ஒலியும் வேண்டும்.

எல்லாம் ஒன்றாக நடக்காது. அமெரிக்காவில் ஹாஃப்மன் என்ற ஒலிப்பெட்டி நிபுணர் ஒரு விதி சொல்லி வைத்தார். அதற்கு "இரும்பு விதி" என்றே பெயர். சின்னப் பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த சக்தியில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறமுடியும். மூன்றாவதை விட்டுத்தான் ஆகவேண்டும். கூழுக்கும் ஆசைப்பட்டு, மீசைக்கும் ஆசைப்பட்டால் எப்படி?

ஒரு கணக்குச் சொல்கிறேன். குழாயை மாற்றாமல், துளைப் பெட்டியின் ஓசையை 70 ஹெர்ட்ஸிலிருந்து 35-க்கு இறக்கவேண்டுமா? பெட்டியின் உள்ளிடம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகவேண்டும். குழாயை நீளமாக்கலாமே என்பீர்கள். சின்னப் பெட்டியில் நீளக் குழாய்க்கு இடம் ஏது? குழாயை ஒடுக்கமாக்கினால்? காற்று "புஸ், புஸ்" என்று சீறும். பாட்டோடு பாம்புச் சத்தமும் சேர்ந்து வரும்.

இதனால் மலிவுப் பெட்டி செய்கிறவர்களில் பலர் ஆழத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதை வெளியே சொல்வதில்லை. ஏதோ ஓர் ஓசையில் பெட்டி பலமாகக் கூவும்படி விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெட்டி 70 ஹெர்ட்ஸில் கூவுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவில் வந்தாலும் 70. கிதார் வந்தாலும் 70. பேய்ப் படத்தில் கதவு சாத்தினாலும் 70! குடத்தின் ஓசையும் அதே "டொம்"தான். தாத்தா சொன்னாரே, "எல்லாத்துக்கும் ஒரே சத்தமா?" என்று. அவர் விஞ்ஞானம் படித்தவர் அல்ல. ஆனால் காது ஏமாறவில்லை.

சின்னப் பெட்டியில் ஆழ்ந்த ஒலி முடியவே முடியாதா? முடியும். பலமான ஆம்ப்ளிஃபயரும், நீளமாக அசையும் நல்ல கூம்பும், ஒலியைத் திருத்தும் மின்னணுக் கருவியும் வைத்தால் முடியும். ஆனால், அதற்கு விலை அதிகம். குறைந்த விலைப் பெட்டியில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

3,000 வாட் எங்கிருந்து வந்தது?

அட்டையில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "பி.எம்.பி.ஓ." என்று இருக்கிறதா பாருங்கள். கண் இமைக்கும் நேரத்துக்கு ஏதோ ஒரு நிலையில் எட்டலாம் என்று தயாரிப்பாளர் நினைக்கும் உச்சக் கணக்கு அது. அதை அளக்க எல்லாரும் ஏற்றுக்கொண்ட முறை எதுவும் கிடையாது. ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

உபயோகமான எண் வேறு. அதற்கு "ஆர்.எம்.எஸ்." என்று பெயர். விடாமல் பாடும்போது எவ்வளவு சக்தி தரும் என்பதைக் காட்டுவது அதுதான்.

உண்மை தெரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று பெரும்பாலும் அங்கே எழுதியிருப்பார்கள். நான் பார்த்த அந்த வீட்டுப் பெட்டியில் 60 வாட் என்று இருந்தது. 60 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவன் 3,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவர முடியுமா? முடியாது. 60 வாட் எடுக்கும் பெட்டி தொடர்ந்து 3,000 வாட் தராது.

இன்னொரு விஷயம். வாட் கூடினால் சத்தம் அதே கணக்கில் கூடிவிடாது. சக்தி 10 மடங்கானால்தான் நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலத் தோன்றும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். நல்ல பெட்டிக்கும் மோசமான பெட்டிக்கும் உள்ள வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

அறையும் ஒரு பெட்டிதான்

நல்ல பெட்டி வாங்கிவிட்டால் போதுமா? போதாது. அதை வைக்கும் அறையும் ஒரு பெரிய பெட்டிதான்.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் ஓடு வேய்ந்தவை. முற்றம் உண்டு. கனத்த ஒலியில் ஒரு பகுதி ஓட்டு இடுக்கு வழியாகவும் முற்றத்து வழியாகவும் வெளியே போய்விடும். இன்று பெரும்பாலும் கான்கிரீட் வீடுகள். கான்கிரீட் சுவர் கனத்த ஒலியைத் திருப்பி அடிக்கும். அறைக்குள்ளேயே ஒலி முட்டி மோதும்.

12 அடி நீள அறையில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே சரியாக அடங்கி நின்று ஊசலாடும். அறை 12 அடிக்கு 12 அடி சதுரமாக இருந்தால் நீளமும் அகலமும் ஒரே ஓசையைத் தூக்கிவிடும். சுவர் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அந்த ஓசை காதை அடைக்கும். அறை நடுவில் உட்கார்ந்தவருக்கு அது கேட்கவே கேட்காது! ஒரே பாட்டு, ஒரே பெட்டி. ஆனால், அம்மா கேட்பது ஒன்று, பிள்ளை கேட்பது வேறொன்று.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும். ஆனால் இரைச்சலும் கூடும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெட்டியை வையுங்கள். ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு சுவர் ஓரமாகத் தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காசு செலவில்லாத வைத்தியம் இது.

அடுத்த வீட்டுக்காரர்

கனத்த ஒலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உயர்ந்த ஒலியைச் சுவர் தடுத்துவிடும். கனத்த ஒலியைச் சுவரால் அவ்வளவாகத் தடுக்கமுடியாது. உங்களுக்குப் பாட்டு, பக்கத்து வீட்டுக்கு வெறும் "டொம், டொம்". அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். இரவு வேலை முடிந்து வந்து தூங்குகிறவர் இருப்பார். நோயாளி இருப்பார்.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். தரை வழியாக அதிர்வு பரவுவது குறையும். மாடி வீட்டுக்காரர்களுக்கு இது மிகவும் அவசியம்.

கடைக்காரர் சொல்வது

இதையெல்லாம் ஒரு கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுகது சரிதான். ஆனா வாறவங்க எல்லாம் எத்தனை வாட்டுன்னுதான் கேக்காங்க. பெட்டி எத்தனை லிட்டர்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அதிரலன்னா எடுக்க மாட்டாங்க. நான் என்ன செய்ய?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேட்கிறவர் கேட்டால்தான் கொடுக்கிறவர் கொடுப்பார். குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆனால், தயாரிப்பாளரின் பங்குதான் பெரிது. சாமானைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ள வாங்குகிறவருக்கு உரிமை உண்டு என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அரிசி மூட்டையில் எடை போடுகிறார்கள். மருந்துப் பாட்டிலில் தேதி போடுகிறார்கள். ஒலிப்பெட்டியில் மட்டும் இஷ்டப்பட்ட எண்ணைப் போடலாமா?

அட்டையில் மூன்று எண்களைக் கட்டாயமாகப் போடவேண்டும் என்பது என் கருத்து. விடாமல் தரும் சக்தி எத்தனை வாட்? பெட்டியின் உள்ளிடம் எத்தனை லிட்டர்? எத்தனை ஹெர்ட்ஸ் வரை சத்தம் குறையாமல் கீழே போகும்? இந்த மூன்றும் இருந்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் கூட ஒரு பெட்டியையும் மற்றொரு பெட்டியையும் ஒப்பிட்டுவிடுவார்.

வாங்கப் போகிறவர்களுக்கு

சட்டம் வரும்வரை நாம் என்ன செய்வது? இதோ சில யோசனைகள்:

பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் நல்லது. கையால் தட்டிப் பாருங்கள். "டக்" என்று கெட்டியாகக் கேட்கவேண்டும். தகர டின்போல "டங்" என்றால் பலகை மெலிசு. பாட்டோடு பலகையும் சேர்ந்து பாடும்.

கூம்பின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ரப்பர் வளையம் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். நுரைப் பஞ்சு வளையம் சில வருஷங்களில் பொடிந்து உதிரும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. கடற்காற்றும் உண்டு. ஆகவே இதைக் கவனிக்கவேண்டும். மரத்தூளில் செய்த பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். பெட்டியைச் சுவரில் ஈரம் கசியும் இடத்தில் வைக்காதீர்கள்.

துளை இருந்தால் அது அகலமாக, ஓரம் வளைந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அது அந்தப் பெட்டிக்கென்றே பொறுக்கி எடுத்த பாட்டு. உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டைக் கொண்டுபோங்கள். நாதசுரமும் தவிலும், அல்லது வில்லுப்பாட்டு. சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். ஒவ்வோர் அடியும் வேறு வேறாகக் கேட்டால் நல்ல பெட்டி. எல்லாம் ஒன்றாகக் குழைந்தால் வேண்டாம். திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டில் பாட்டு மட்டுமே கேட்கிறவர்களுக்கு என் யோசனை, அளவான மூடிய பெட்டி. சினிமாப் படத்தின் இடியும் வெடியும் வேண்டுமென்றால், கணக்காகச் செய்த சற்றுப் பெரிய துளைப் பெட்டி. இரண்டுக்கும் பணம் போதாவிட்டால்? சப்வூஃபரே வேண்டாம். அதே பணத்துக்கு இரண்டு நல்ல ஒலிபெருக்கிகள் வாங்குங்கள். இல்லாத பேஸ் உங்களைத் தொந்தரவு செய்யாது. கெட்ட பேஸ் தினமும் தொந்தரவு செய்யும்.

தாத்தா வீட்டில்

மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். பேரனும் நானும் சேர்ந்து பெட்டியை மூலையிலிருந்து எடுத்தோம். தவழ்ந்து பார்த்து இடம் மாற்றினோம். பேஸ் திருகைப் பாதிக்குக் குறைத்தோம். இரைச்சல் தணிந்தது. பாடுகிறவர் சொல் தெளிவாகக் கேட்டது.

"இப்பம் கொள்ளாம்" என்றார் தாத்தா. ஆனால் குடம் முழுதாக வரவில்லை. அந்தப் பெட்டிக்கு அவ்வளவுதான் வயிறு.

பிறகு பக்கத்து ஊர்க் கோவில் கொடைக்குப் பேரனைத் தாத்தா அழைத்துப் போனார். குடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். முதல் அடி விழுந்ததும் பையன் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தானாம்.

"தாத்தா, இது சத்தமே போடல. ஆனா உள்ள கேக்கு" என்றானாம்.

நல்ல பேஸ் என்பது அதுதான். சத்தம் போடாது, உள்ளே கேட்கும். அந்த வித்தியாசம் தெரிந்த பிள்ளையை எந்த அட்டையில் எந்த எண்ணைப் போட்டும் ஏமாற்றமுடியாது. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். 3,000 வாட் என்று தளும்புகிற பெட்டியைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள்!